பதினெட்டு மைக்கா அலமாரிகள்

இருபத்து மூன்று வருஷம் பஸ் ஓட்டிய மனுஷனுக்கு ஆறு அலமாரிக் கதவுக்குப் பெயிண்ட் அடிப்பது என்ன பெரிய வேலையா என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். எல்லோரும் என்றால் அவரும் அவர் மனைவியும்தான். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தாள்.

தெருவில் அவருக்கு இன்றைக்கும் டிரைவர் என்றுதான் பெயர். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு வருஷம் ஆகிறது. இறங்கிய விதம் அவர் டெப்போவில் எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் காலை, மார்க்கெட் வளைவில் திரும்பும்போது பஸ்ஸின் பக்கவாட்டு ஒரு தபால்காரரின் சைக்கிளில் உரசிவிட்டது. ஆள் சாய்ந்தார், ஆனால் விழவில்லை. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பை மட்டும் அவிழ்ந்து கடிதமெல்லாம் ரோட்டில் பரவியது. பயணிகள் இறங்கிப் பொறுக்கிக் கொடுத்தார்கள். தபால்காரர் முழங்கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "பரவால்ல, நீங்க போங்க" என்று கையை ஆட்டினார். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகரவில்லை. மறுபடி ஊதினார். அப்போதும் நகரவில்லை.

முன்னால் போய்ப் பார்த்தால், டிரைவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஒண்ணும் ஆகல. எடுங்க."

"அவரை நான் பார்க்கவே இல்லடா."

"சைக்கிள்காரங்க எப்பவும் இப்படித்தாண்ணே, திடீர்னு உள்ள வந்துடுவாங்க."

"இல்ல. அவரு நேராத்தான் வந்தாரு. நான் திரும்பிப் பார்த்தேன், அங்க ஆளே இல்ல. அப்புறம் சத்தம் மட்டும் கேக்குது. இது மூணாவது தடவை. முன்னாடி ரெண்டு தடவை ஒரு நாயி, ஒரு தள்ளுவண்டி. யாருகிட்டயும் சொல்லல."

சாவியை எடுத்துக் கண்டக்டர் கையில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். வேறு டிரைவர் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை நடைபாதையில் நின்றபடி பயணிகளிடம் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. "ஒரு ஆளு பயந்ததுக்கு அம்பது பேரு நிக்கணுமா?" என்று ஒருவர் கத்தினார்.

"அந்த அம்பது பேருக்காகத்தான் சார் அவரு இறங்கியிருக்காரு," என்றார் கண்டக்டர். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளி விசில் தொங்கும். அதனால் அவருக்கு விசில் என்றே பெயர். டிரைவரோடு பதினோரு வருஷம் ஒரே வண்டியில் ஓடியவர், வயதில் ஆறு வருஷம் இளையவர்.

கண் டாக்டர் ஒரு வாரம் பரிசோதித்தார். நேராகப் பார்ப்பது நன்றாகத் தெரிகிறது, பக்கப் பார்வை மட்டும் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது என்றார். இப்போதைக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு உலகம் தெரியும். இனி வண்டி ஓட்டக் கூடாது. டெப்போவில் உதிரிபாகக் கிடங்கில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். வெளியே இஞ்சின் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

வீட்டிலும் பொழுது போகவில்லை. மனைவிக்கு ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். அப்புறம் மாலை வரை டிரைவரும் சுவரும்தான். நடந்தால் நாற்காலி இடிக்கும், ஸ்டூல் இடிக்கும், முழங்காலெல்லாம் கன்றிப்போகும். உட்கார்ந்தால் தெருவில் போகும் வண்டிகளின் சத்தம். எது கியர் மாற்றத் தெரியாமல் போகிறது, எதற்குப் பிரேக் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்கத்தான் ஆள் இல்லை.

அப்படி இருந்த ஒரு நாளில்தான் சமையலறை அலமாரி அவர் கண்ணில் பட்டது. பலகைமேல் மைக்கா ஒட்டிய கதவுகள். ஆறிப்போன டீயின் நிறம். பதினைந்து வருஷப் புகையும் எண்ணெயும் ஏறி, கைப்பிடியைச் சுற்றி மட்டும் பளபளவென்று வேறு நிறமாகிவிட்டிருந்தது. வாசல் கேட்டுக்கு அடித்த வெள்ளைப் பெயிண்ட் பாதி டின் மிச்சம் இருந்தது. மனைவி வேலையிலிருந்து திரும்புவதற்குள் ஆறு கதவையும் அடித்து முடித்துவிட்டார்.

மனைவி வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். "என்னங்க, நம்ம வீடுதானா இது?" என்று இரண்டு தடவை கேட்டார். டிரைவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மூன்றாம் நாள் காலை. மனைவி ஈரக் கையோடு கதவைத் திறந்தார். கதவு திறந்தது, பெயிண்டும் கூடவே கையோடு வந்தது. ஒரு முழ நீளத்துக்கு, துண்டு துண்டாக இல்லாமல், ஒரே பட்டையாக, மெல்லிய துணியை உரித்தெடுப்பதுபோல வந்தது. அந்தப் பட்டையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி அவர் கணவரைப் பார்த்தார். கணவர் பட்டையைப் பார்த்தார்.

"என்னங்க இது, பெயிண்ட் அடிச்சேன்னு சொல்லிட்டு சட்டை தைச்சுப் போட்டிருக்கீங்க?"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு பீறிட்டது. டிரைவருக்கு முதலில் முகம் சுருங்கியது. பிறகு அவருக்கும் தாங்கவில்லை. இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். மனைவி அன்றைக்கு முதன்முறையாக வேலைக்குத் தாமதமாகப் போனார். பஸ்ஸை விட்டு இறங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. போகும்போது வாசலில் நின்று, "கோவிச்சுக்கிட்டு அப்படியே விட்டுடாதீங்க. ஏன் உரியுதுன்னு போய்க் கேளுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தைக்கு டிரைவர் இன்னும் நன்றியோடு இருக்கிறார். மனைவி அப்படிச் சொல்லாமல் போயிருந்தால் ஆறு கதவையும் கழற்றி விறகாக்கியிருப்பாராம்.

கேட்ட இடம், நாலு தெரு தள்ளியிருந்த பெயிண்ட் கடை. கடையை நடத்துகிறவர் ஐம்பது வயதுப் பெண்மணி, ஊருக்கே அக்கா. உரிந்த பட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார் டிரைவர்.

அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மைக்கா மேல நேரா அடிச்சீங்களா?"

"ஆமா. நல்ல பெயிண்ட் ஒண்ணு குடுங்கக்கா."

"தர மாட்டேன்."

"ஏன்?"

"நல்ல பெயிண்ட் குடுத்தா அதுவும் நல்லா உரியும். மரம் பெயிண்டைக் குடிக்கும் சார், மைக்கா குடிக்காது. கண்ணாடி மாதிரி. அதுக்கு மேல பிடிக்க ஒரு சொரசொரப்பு வேணும். முதல்ல அழுக்கு போகணும், அப்புறம் பளபளப்பு போகணும், அப்புறம் இதுக்குன்னே இருக்கிற பிரைமர் ஒரு கோட்டு. கடைசியா பெயிண்ட். இன்னைக்கு உப்புத்தாள் மட்டும் வாங்கிட்டுப் போங்க. கதவைத் தயார் பண்ணிட்டு வாங்க, அப்புறம் பெயிண்டைப் பத்திப் பேசுவோம்."

வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய கடைக்காரரை டிரைவர் அன்றுதான் பார்த்தார். இரண்டு விதமான உப்புத்தாளோடு வீட்டுக்கு வந்தார். மிச்சமிருந்த பெயிண்டையும் உரித்தெடுத்து, சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பசையைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஒரு மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்க ஆரம்பித்தார்.

அங்கே ஒரு சிக்கல் வந்தது. அவருக்குத் தெரிவது ஒரு தட்டு அகலம்தான். எந்த இடத்தைத் தேய்த்தோம், எதை விட்டோம் என்று கதவு முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. கொஞ்ச நேரம் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அலுத்துப்போய்க் கதவைக் கையால் தடவினார். தடவிய கை நின்றுவிட்டது. தேய்த்த இடம் காகிதம் போல விரலைப் பிடித்தது. தேய்க்காத இடம் ஈரச் சோப்பு போல வழுக்கியது. ஒரு நாணயம் அகலத்துக்கு விட்டுப்போன இடத்தைக்கூட விரல் கண்டுபிடித்தது. கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டால் இன்னும் சுலபமாக இருந்தது.

அந்த ஆறு கதவுகளில் அடித்த பெயிண்ட் இன்றுவரை உரியவில்லை.

மாடி வீட்டுக்காரர் பார்த்துவிட்டுத் தன் மேஜையைக் கொடுத்தார். அப்புறம் அவருடைய தம்பி மனைவி இரண்டு அலமாரி. அப்புறம் ஒரு பல் டாக்டரின் காத்திருக்கும் அறை. இப்படி ஒன்று ஒன்றாக வந்தது. விசில் தன் ஓய்வு நாளெல்லாம் இங்கேயே வந்து உட்கார ஆரம்பித்தார். முதலில் டீ குடிக்க வந்தவர்தான். ஒரு நாள் டிரைவர் பக்கத்தில் வைத்திருந்த பிரைமர் டின்னுக்குள் காலை வைத்துவிட்டார். கணுக்கால் வரை வெள்ளை. விசில் ஓடிவந்து தூக்கிவிட்டார்.

"அண்ணே, மைக்காவுக்கு மட்டும்தான் பிரைமர்னு நெனைச்சேன். உங்களுக்குமா?"

அன்றிலிருந்து பக்கத்தில் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது விசிலின் வேலையானது. ஸ்குருவைக் கழற்றுவதும் அவர்தான். ஒவ்வொரு கதவின் கீல், கைப்பிடி, ஸ்குரு எல்லாவற்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போட்டு எண் எழுதி வைப்பார். "ஆளை ஒரு ஸ்டாப் தள்ளி இறக்கினாலே சண்டைக்கு வருவாங்க. கதவு சும்மா விடுமா?" என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் பெண்கள் விடுதி வேலை வந்தது.

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் மூன்று மாடி விடுதி அது. ஆறு அறை, அறைக்கு மூன்று அலமாரி. டிரைவரின் மனைவியோடு வேலை செய்யும் ஒரு பெண் அங்கே தங்கியிருந்தாள். அவள் சொல்லித்தான் வார்டன் கூப்பிட்டு அனுப்பினார். வார்டன் பேச்சில் வார்த்தைகளை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்.

"அலமாரியெல்லாம் பார்க்கச் சகிக்கல. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்னா, இப்ப கிடைக்கிற அலமாரியெல்லாம் அகலம், இந்தப் படிக்கட்டுல ஏறாது. அளந்து பார்த்தாச்சு. பன்னெண்டு நாள்ல முடியுமா?"

"முடியும் மேடம்."

"உரிஞ்சு வரக் கூடாது."

"வராது மேடம்."

விசில் வெளியே வந்ததும் கேட்டார். "பதினெட்டு அலமாரி, முப்பத்தாறு கதவு, பன்னெண்டு நாள். கணக்குப் போட்டீங்களாண்ணே?"

"நீ பதினஞ்சு நாள் லீவு வச்சிருக்கேன்னு கணக்குப் போட்டேன்."

விசில் அடுத்த நாளே லீவு எழுதிக் கொடுத்தார்.

முதல் அறையில் கதவுகளைக் கழற்றி வராந்தாவில் பழைய போர்வைமேல் வரிசையாகப் படுக்கவைத்தார்கள். எட்டு ஒன்பது வருஷம் ஆன மைக்கா. தலைக்கு எண்ணெய் வைத்த கையின் தடம், ஒட்டி உரித்த ஸ்டிக்கரின் பிசுக்கு, உள்பக்கத்தில் யாரோ பேனாவால் எழுதி வைத்த பஸ் நேரம். விசில் அதைப் படித்துவிட்டு, "இந்த ஏழு பத்து வண்டி நம்மது இல்ல, நம்மது ஏழு பதினஞ்சு," என்று அக்கறையாகத் திருத்தினார்.

சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போதே டிரைவரின் கை தயங்கியது. அழுக்கு போயிருந்தது. ஆனால் விரலுக்குக் கீழே வேறு ஏதோ ஒன்று இருந்தது. மைக்காவின் வழவழப்பு அவருக்கு இப்போது அத்துப்படி. அது குளிர்ச்சியாக, கெட்டியாக இருக்கும். இது மெத்தென்று நழுவியது.

"விசிலு, தண்ணி எப்படி நிக்குதுன்னு பாரு."

விசில் குனிந்து பார்த்தார். "முத்து முத்தா உருண்டு நிக்குதுண்ணே. பரவவே மாட்டேங்குது."

கதவின் கீழ் மூலையில், யார் கண்ணிலும் படாத இடத்தில், காயவைத்துத் தேய்த்து இரண்டு விரல் அகலம் பிரைமர் தடவிப் பார்த்தார். பூசிய பிரைமர் அவர் கண் முன்னாலேயே பின்வாங்கியது. நடுநடுவே சின்னச் சின்ன வட்டமாக விலகி, அம்மைத் தழும்பு போல ஆகிவிட்டது. நேரம் மிச்சம் என்று மொத்தக் கதவையும் அடித்திருந்தால் முப்பத்தாறு கதவும் இப்படித்தான் ஆகியிருக்கும். டிரைவர் பிரைமர் டின்னை இறுக்கி மூடினார்.

"யாரோ இதுக்கு மெழுகு பாலீஷ் போட்டிருக்காங்க. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. வருஷக் கணக்கா."

பின்னால் ஏதோ கீழே விழுந்த சத்தம். வராந்தாக் கோடியில் துடைப்பம் கிடந்தது. பக்கத்தில் ஒரு அறுபது வயது அம்மா நின்றிருந்தார். விடுதியைக் கூட்டித் துடைக்கிறவர். அங்கே தங்கியிருக்கும் பெண்களுக்கெல்லாம் அவர் பெரியம்மா.

"நான்தான் தம்பி," என்றார் மெதுவாக. "வாரா வாரம் சனிக்கிழமை ஒரு பாட்டில் குடுப்பாங்க, மேஜைக்குப் போடச் சொல்லி. மிச்சம் இருக்கும். வீணாப் போகுதேன்னு அலமாரிக்கும் போட்டுத் துடைச்சேன். ஒம்பது வருஷமா. கெட்டுப்போச்சா?"

டிரைவர் பதில் சொல்வதற்குள் படியில் வார்டனின் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியம்மாவின் முகத்தை டிரைவர் நேராகப் பார்த்தார். அந்த முகம் அவருக்கு நன்றாகவே தெரிந்தது. அந்த நாயையும் தள்ளுவண்டியையும் பற்றிச் சொல்லலாமா வேண்டாமா என்று மறைத்து வைத்திருந்த நாட்களில் கண்ணாடியில் அவரே பார்த்த முகம்தான் அது. ஆனால் இந்த அம்மா கேட்கும் முன்பே ஒப்புக்கொண்டுவிட்டார்.

வார்டன் மூலையில் இருந்த தழும்பைப் பார்த்தார். "இது என்ன?"

"மேல மெழுகு இருக்கு மேடம். அதை எடுக்காம பிரைமர் பிடிக்காது. எடுத்துடலாம். ரெண்டு நாள் கூடுதலா ஆகும்."

"மெழுகா? யாரு போடச் சொன்னது?" வார்டனின் பார்வை பெரியம்மா பக்கம் போனது.

"மேடம், ஒரு நிமிஷம். கீழே படிக்கட்டுக்கு அடியில பூட்டின அறையில ஒரு அலமாரி இருக்குல்ல? காலையில சாமான் வைக்கப் போனப்போ பார்த்தோம். அது எப்ப வாங்கினது?"

"இதுங்களோட சேர்த்துத்தான். ஒரே நாள்."

"அந்த அறைச் சாவி இவங்ககிட்ட இருக்கா?"

"இல்ல. அது என்கிட்டதான்."

"அதை ஒரு தடவை வந்து பாருங்க மேடம்."

எல்லோரும் இறங்கிப் போனார்கள். அந்த அலமாரியின் ஓரமெல்லாம் மைக்கா வாய் பிளந்து நின்றது. ஈரம் உள்ளே இறங்கி, அடிப்பலகை ஊறிய ரொட்டி போல உப்பியிருந்தது. டிரைவர் கட்டைவிரலால் அழுத்தினார். பலகை உதிர்ந்து தூளாகத் தரையில் கொட்டியது.

"இதுக்குப் பெயிண்ட் அடிச்சுப் பிரயோஜனம் இல்ல மேடம். இதோட கதை முடிஞ்சுது. மேல இருக்கிற பதினெட்டும் இப்படி ஆகாம இருக்குன்னா, அதுக்கு இவங்க துடைச்ச துடைப்புதான் காரணம். ஓரத்துல ஒரு துளி தண்ணி நிக்க விடல. மெழுகை எடுக்கறது எனக்கு ரெண்டு நாள் வேலை. செத்த பலகைக்கு என்கிட்ட வைத்தியம் இல்ல."

வார்டன் குனிந்து அந்தத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தார். "பதினாலு நாள் எடுத்துக்குங்க," என்றார். படியேறும்போது நின்று, திரும்பாமலே, "ஒம்பது வருஷமா நான் கவனிக்கவே இல்ல, பெரியம்மா," என்றார். வார்டன் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று அப்புறம் தங்கியிருந்த பெண்கள் சொன்னார்கள்.

மெழுகை எடுக்கும் வேலை அலுப்பான வேலை. ஒரு துணியைப் பெயிண்ட் கரைக்கும் டர்பன்டைனில் நனைத்துத் தேய்க்க வேண்டும். கரைந்து வருவது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அதே துணியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் மெழுகை இங்கிருந்து எடுத்து அங்கே பூசியதாகிவிடும். ஜன்னலெல்லாம் திறந்து வைத்து, கையுறை போட்டு, மூன்று தடவை இதைச் செய்து, கடைசியில் சோப்புத் தண்ணீரால் கழுவினால்தான் தண்ணீர் உருளாமல் பரவும்.

பெரியம்மா தன் வேலை முடிந்ததும் கையுறையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். "போட்டவ நான், எடுக்கவும் நான்தானே வரணும்," என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை டிரைவரின் மனைவியும் வந்தார். ரத்தம் எடுக்கும் கை அல்லவா, பஞ்சை எடுப்பதுபோலப் பதமாகத் துணியைப் பிடித்தார். அன்று விடுமுறை என்பதால் தங்கியிருந்த பெண்களும் ஆளுக்கொரு துணியோடு வந்து உட்கார்ந்தார்கள். வராந்தா முழுக்கக் கதவுகள், கதவுக்கு இரண்டு பேர். ஒருத்தி தன் அலுவலக மேலாளரைப் போல நடித்துக் காட்டினாள், இன்னொருத்தி பாடினாள். விசில் எல்லோருக்கும் துணி பிரித்துக் கொடுத்தபடி, "பின்னால வாங்க, பின்னால வாங்க, நடுவுல நிக்காதீங்க," என்று நடந்தார்.

டிரைவர் ஒவ்வொரு கதவாகக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். "இது சரி. இது சரி. இதுல மேல் ஓரம் இன்னும் கொஞ்சம்." பெரியம்மா துடைத்த கதவில் கை ஓடி முடித்தபோது, திருப்தியாகத் தலையை ஆட்டினார். அந்தக் கதவில் ஒரு மயிரிழைகூட விட்டுப்போகவில்லை.

அப்புறம் தேய்ப்பு. கதவு முழுக்கப் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கிவிட்டு, கிறுக்கல் மறையும்வரை நூற்றைம்பது நம்பர் உப்புத்தாள். அதற்குப் பிறகு இன்னும் மென்மையான தாள். பளபளப்பு போனால் போதும், மைக்கா போகக் கூடாது. விசில் ஒரு மூலையில் ஆர்வக்கோளாறில் தேய்த்துத் தள்ளி, மைக்காவுக்கு அடியிலிருக்கும் பழுப்புக் காகிதம் வெளியே தெரிய நின்றார்.

"அண்ணே, எல்லை தாண்டிட்டேன்."

"தெரியுது. வா, பட்டி போட்டு ஒப்பேத்தலாம்."

உடைந்த ஓரங்களுக்கும் பழைய ஆணித் துளைகளுக்கும் பள்ளத்தை அடைக்கும் மாவு போன்ற பட்டியை வைத்து, காயவிட்டு, சமமாகத் தேய்த்தார்கள். ஓரம் விலகியிருந்த இரண்டு இடத்தில் பசை தடவி, செங்கல் பாரம் ஏற்றி ஒரு நாள் வைத்தார்கள். தூசியை ஈரத் துணியால் துடைத்தெடுத்தார்கள். பத்தாம் நாள்தான் கதவுகளுக்குப் பிரைமர் அடிக்க ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை பிரைமர் எங்கும் பின்வாங்கவில்லை. போட்ட இடத்தில் அப்படியே படிந்து நின்றது.

மறுநாள் காலையில் வார்டன் வந்தார். கையில் பார்சல் ஒட்டும் டேப். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, ஒரு துண்டை வெட்டிக் கதவில் அழுத்தி ஒட்டினார், நகத்தால் நன்றாகத் தேய்த்தார், வெடுக்கென்று இழுத்தார். டேப் சுத்தமாக வந்தது. இன்னும் இரண்டு கதவில் இழுத்துப் பார்த்தார். பிறகு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "பெயிண்ட் அடிங்க," என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது என்று பெரியம்மா காதோடு காதாகச் சொன்னார்.

சொன்ன பதினாலாம் நாள் கதவுகள் மாட்டப்பட்டன. விசிலின் காகிதப் பைகளில் ஒரு ஸ்குருகூடக் குறையவில்லை. புது நிறம் முழுசாக இறுகக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள் என்று டிரைவர் அறை அறையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது விசில் கேட்டார். "என்னண்ணே, பேசாம வர்றீங்க?"

"அந்தத் தபால்காரர் அன்னைக்குக் கம்பத்தைப் பிடிச்சாரு பாரு. அவரு கை அங்க எட்டாம போயிருந்தா, நான் இன்னைக்கு எங்க இருப்பேன்னு யோசிச்சேன். எத்தனை பேரு என்னைப் பிடிச்சு நிறுத்தியிருக்காங்க தெரியுமாடா? அவரு, நீ, வீட்ல, அந்தப் பெயிண்ட் கடை அக்கா. யாருக்கும் நான் ஒண்ணும் செய்யல."

"எனக்கு லீவு இன்னும் ஒரு நாள் இருக்கு. டீ வாங்கிக் குடுங்க, போதும்," என்றார் விசில்.

அடுத்த மாதம் பெரியம்மா வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஒரே அறை வீடு. டிரைவரும் மனைவியும் போனார்கள். ஜன்னலோரம் ஒரு பழைய மைக்கா அலமாரி, யாரோ வீடு காலி செய்யும்போது கொடுத்துவிட்டுப் போனது. கதவைக் கழற்றி, கழுவி, தேய்த்து, பட்டி வைத்து, தூசி துடைத்து எல்லாம் தயாராக இருந்தது.

"நானே பண்ணிட்டேன் தம்பி. நீங்க கை வச்சுப் பார்த்து, சரியில்லன்னா சொல்லுங்க. திரும்பத் தேய்க்கிறேன்."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். கதவின் மேலிருந்து கீழ்வரை, ஓரம், மூலை, கீல் உட்காரும் பள்ளம் எல்லாவற்றிலும் விரல் மெதுவாகப் போய் வந்தது. பெரியம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"இதுல நான் கை வைக்க ஒண்ணும் இல்லம்மா," என்றார் டிரைவர். "நேரா பிரைமர்தான். என்ன நிறம் அடிக்கலாம்? விடுதிக்கு அடிச்ச மாதிரி வெள்ளையா?"

"வெள்ளை வேணாம் தம்பி. ஒம்பது வருஷமா வெள்ளைச் சுவரைத்தான் துடைக்கிறேன்." பெரியம்மா கொஞ்சம் வெட்கப்பட்டார். "மஞ்சள் கிடைக்குமா? நல்லா, கண்ணைப் பறிக்கிற மஞ்சள்?"

டிரைவரின் மனைவி எழுந்து செருப்பை மாட்டினார். "அக்கா கடை இன்னும் திறந்திருக்கும். வாங்க பெரியம்மா, நாமளே போய்ப் பார்த்து எடுத்துட்டு வரலாம். அதுக்குள்ள இவரு பிரைமர் அடிச்சு முடிச்சுடட்டும்."

இரண்டு பேரும் பேசிக்கொண்டே தெருவில் இறங்கிப் போனார்கள். டிரைவர் கையோடு கொண்டுவந்திருந்த பிரைமர் டின்னைத் தன் கண்ணுக்கு நேரே, தட்டு அகலத்துக்குள் தெரியும்படி வைத்துக்கொண்டு, மூடியைத் திறந்தார்.